முப்பது ஆண்டுகள் டிவைஸ் டிரைவர் எழுதியவர் இனி பாடம் எடுத்து வாழ முடியுமா?

ஈசூனிலிருந்து 54 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் பட்டயம் படித்தார். தேசிய சேவை முடிந்ததும் 1994-ல் கணினி ஒலி அட்டை தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். விண்டோஸ் 3.1-க்கு டிவைஸ் டிரைவர், அதாவது ஒரு வன்பொருளைக் கணினியின் இயங்குதளத்தோடு பேச வைக்கும் நிரல், எழுதும் குழுவில் வேலை. அதன்பின் அச்சுப்பொறி, ஸ்கேனர் என்று சில ஆண்டுகள். 2006 முதல் ஒரே நிறுவனத்தில் இருக்கிறார். சேமிப்புச் சாதனங்களுக்கு, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் டிரைவர் எழுதுகிறார். மாதச் சம்பளம் 9,500 சிங்கப்பூர் வெள்ளி. புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு உள்ளேயே வகுப்பெடுப்பதும் அவர்தான்.

நிறுவனத்தில் இரண்டு முறை ஆட்குறைப்பு நடந்துவிட்டது. அவருடைய குழுவின் வேலை கொஞ்சம் கொஞ்சமாக வேறு நாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. "போகச் சொல்லும்வரை காத்திருப்பது அவமானம். நானே மரியாதையோடு விலகிவிடலாம் என்று பார்க்கிறேன்" என்கிறார். பாய லேபாரில் பயிற்சி நிலையம் நடத்தும் பழைய சக ஊழியர் ஒருவர், வார இறுதியில் லினக்ஸ் டிரைவர் வகுப்பு எடுத்தால் நாளொன்றுக்கு 900 வெள்ளி தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதோடு ஆலோசகராகவும் வேலை செய்யலாம் என்பது இவருடைய எண்ணம். மகள் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. மகன் தேசிய சேவைக்குப் போகவிருக்கிறார். மனைவி பாலர் பள்ளி ஆசிரியர்.

அவர் கேட்பது இவை. 19 ஆண்டுகளாகச் சேர்த்த வகுப்புக் குறிப்புகளும் நிரல்களும் பிழை ஆய்வுக் குறிப்புகளும் ஒரு கையடக்க வன்தட்டில் இருக்கின்றன. அவற்றை வைத்துப் பாடம் எடுக்கலாமா? விலகிய பிறகு 12 மாதங்களுக்குப் போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே, ஓராண்டு சும்மா இருக்க வேண்டுமா? பட்டம் இல்லாதவரை ஆசிரியர் என்று யார் ஏற்பார்கள்? 55 வயதானதும் மத்திய சேம நிதியை எடுத்துத் தொழிலில் போடலாமா? கடைசியில் இப்படி முடிக்கிறார்: "முப்பது வருடம் உழைத்தேன். இதுதான் நான் செய்தது என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நான் எழுதிய சில மாற்றங்கள் லினக்ஸின் மையமான கர்னலில் சேர்ந்தன, அவ்வளவுதான்."

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை. நான் வேலைச் சட்டம் பார்க்கும் வழக்குரைஞர். மென்பொருள் பொறியாளர்கள் பலருடைய ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொல்லியிருக்கிறேன். செயலி எழுதியவர் தன் கைப்பேசியைத் திறந்து இதோ என்று காட்டிவிடலாம். டிரைவர் எழுதியவருக்கு அது முடியாது. அது ஒழுங்காக வேலை செய்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. தவறினால்தான் கணினி முடங்கி நீலத் திரை வரும், அப்போதும் எழுதியவர் பெயர் அதில் இராது. உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கப் போகும் இரண்டு முடிவுகள் உங்களுக்கே கேடாக முடியலாம். ஒன்று, முந்திக்கொண்டு விலகுவது. மற்றது, அந்த வன்தட்டை நம்பித் தொழில் தொடங்குவது.

விலகல் கடிதம் இப்போது வேண்டாம்

ஆட்குறைப்புக்கு முன் விலகுவது மரியாதை என்று நினைக்கிறீர்கள். அந்த மரியாதைக்கு என்ன விலை என்று கணக்குப் பார்த்தீர்களா? ஆட்குறைப்பு இழப்பீடு சட்டப்படி தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. ஒப்பந்தத்திலோ தொழிற்சங்க உடன்பாட்டிலோ இருந்தால்தான் வலுவாகக் கேட்க முடியும். ஆனால் இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்குக் கொடுப்பதே முறை என்று அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்பு வழிகாட்டி சொல்கிறது. ஓராண்டுப் பணிக்கு இரண்டு வாரச் சம்பளம் முதல் ஒரு மாதச் சம்பளம்வரை என்பது இங்கு நிலவும் வழக்கம். உங்கள் 19 ஆண்டுக்கு, இரண்டு வாரக் கணக்கில் ஏறத்தாழ 83,000 வெள்ளி. ஒரு மாதக் கணக்கில் 180,500 வெள்ளி. நிறுவனம் உச்சவரம்பு வைத்திருந்தால் இது குறையும். முன்பு நடந்த இரண்டு ஆட்குறைப்புகளில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். அதுவே உங்களுக்கு நம்பகமான அளவுகோல். வேலையிழப்புக்கான இழப்பீடாகத் தரப்படும் தொகைக்கு வருமான வரியும் இல்லை. நீங்களே விலகினால் இவற்றில் ஒரு வெள்ளிகூடக் கேட்க வழியில்லை.

"நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதுதான் உங்களுக்கு நல்லது" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் மேலாளர், நிர்வாகி நிலையில் இருப்பவர்களும் வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய விலகல் கடிதத்தை முறையற்ற பணிநீக்கமாகக் கருத இடமுண்டு. அப்படி நடந்தால் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும், அதனால் தாமதிக்கக்கூடாது. வயதை மட்டும் காரணம் காட்டி உங்களை அனுப்பவும் முடியாது. சட்டப்படியான ஓய்வு வயது 2022 ஜூலையிலிருந்து 63. 2026 ஜூலை 1 முதல் 64.

ஆட்குறைப்பில் போவதில் அவமானம் ஏதுமில்லை, ஐயா. உங்கள் வேலை இடம் மாறுகிறது. உங்கள் தகுதி குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

அந்த வன்தட்டில் இருப்பது யாருடையது?

உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். "நான் எழுதியது, என் உழைப்பு, அதனால் என்னுடையது" என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உழைப்பு உங்களுடையதுதான். உரிமை அப்படியல்ல. 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கியவற்றுக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளியே உரிமையாளர். நிரல்கள் மட்டுமல்ல, புதியவர்களுக்காக நீங்கள் தயாரித்த வகுப்பு ஸ்லைடுகளும் அதில் அடங்கும், ஏனென்றால் வகுப்பெடுப்பது உங்கள் வேலையின் பகுதியாக இருந்திருக்கிறது. சிப்பைக் கட்டுப்படுத்தும் இடங்களான ரிஜிஸ்டர்கள் பற்றிச் சிப் நிறுவனங்கள் தந்த விவரங்களோ மூன்றாம் தரப்பின் இரகசியம். அவற்றை வெளியிட்டால் உங்கள் நிறுவனமும் சேர்ந்து சிக்கலில் மாட்டும்.

இன்னும் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. பயன்படுத்தாமல் வெறுமனே வைத்திருப்பதே ஆபத்தாகலாம். 2020-ல் நமது மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐ-அட்மின் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. சம்பளப் பட்டியல் மென்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து விலகிப் போட்டி நிறுவனம் தொடங்கியவர்களின் கணினிகளில் பழைய நிறுவனத்தின் கோப்புகள் கிடைத்தன. அவர்கள் இரகசியக் கடப்பாட்டை மீறினார்கள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இரகசியத் தகவல் அனுமதியின்றி ஒருவர் கைக்குப் போனது தெரிந்தால், தன் மனசாட்சி சுத்தமானது என்று காட்டும் பொறுப்பு அந்த நபர் மேல் விழும் என்பது அதில் உறுதியானது. உங்களைப் போன்றவர் அந்த நிலையில் நிற்பதை நான் பார்க்க விரும்பவில்லை.

ஆகவே இன்று முதல் அந்த வன்தட்டில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். பதறிப்போய் எல்லாவற்றையும் அழிக்கவும் வேண்டாம். விலகும் நேரத்தில் அவசரமாக அழித்தால் அதையே சந்தேகத்துக்குக் காரணமாக எடுத்துக்கொள்வார்கள். அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். குடும்பப் படங்கள், சொந்தக் கோப்புகள் இருந்தால் குறித்து வையுங்கள். விலகும் நாளில், அல்லது அதற்கு முன்பே, நிறுவனத்திடம் சொல்லி அவர்கள் முறைப்படி ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் உறுதி வாங்குங்கள். நிறுவனத்தின் விதிக்கு மாறாக நகலெடுத்தவை அதில் இருக்குமானால், பேசுவதற்கு முன் ஒரு வழக்குரைஞரை நேரில் பாருங்கள்.

உங்கள் தலைக்குள் இருப்பதை யாரும் திரும்பக் கேட்க முடியாது. ஒருவர் தொழிலில் தேர்ந்து பெற்ற பொதுவான திறமையும் அறிவும் அவருக்கே உரியவை. நிறுவனத்தின் தனி இரகசியம் வேறு. உங்கள் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், தவறானால் திருத்துங்கள். "சாதனம் பதில் சொல்லாமல் தொங்கினால் முதலில் இன்டரப்ட் (கவனி என்று சாதனம் அனுப்பும் குறிப்பு) வருகிறதா என்று பார், இன்டரப்ட் கையாளும் இடத்தில் உறங்கக்கூடிய எதையும் அழைக்காதே" என்பது திறமை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்லிக் கொடுக்கலாம். "எங்கள் நிறுவனத்தின் இந்தக் கன்ட்ரோலரில் இந்த ரிஜிஸ்டரை இரண்டு முறை எழுதினால்தான் வேலை செய்யும், சிப்பில் குறை இருக்கிறது" என்பது இரகசியம். அது வகுப்பறைக்குள் வரக்கூடாது, கதையாகக்கூட.

பெயர் பெற்ற ஆசிரியர்கள் எப்படி வந்தார்கள்?

பட்டம் இல்லை என்று கவலைப்படுகிறீர்கள். டிரைவர் எழுதக் கற்பித்தும் ஆலோசனை சொல்லியும் வாழ்பவர்களுக்குச் சந்தையில் பெயர் எதனால் வந்தது என்று பார்த்தால், கையில் இருந்த சான்றிதழ் அங்கே பின்னால் போய்விடுகிறது. முன்னால் நிற்பது, அவர்களுடைய வேலையைப் பிறர் திறந்து பார்க்க முடிந்தது என்பதுதான்.

லினக்ஸ் டிரைவர் பற்றி உலகெங்கும் பொறியாளர்கள் படித்த நூலின் முதல் பதிப்பை இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரோ ரூபினி 1998-ல் எழுதினார். 2001-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஜோனத்தன் கோர்பெட் சேர்ந்தார். 2005-ல் வந்த மூன்றாம் பதிப்பில் கிரெக் க்ரோ-ஹார்ட்மனும் சேர்ந்தார். மூன்றாம் பதிப்பை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். கோர்பெட் 1998 முதல் கர்னலில் நடப்பதை வாரந்தோறும் எழுதிவரும் இதழின் நிறுவனர்களில் ஒருவர். க்ரோ-ஹார்ட்மன் யுஎஸ்பி பகுதியைப் பராமரித்து, அது தொடர்பாகப் பயிற்சிகளும் நடத்தியவர். 2012-ல் லினக்ஸ் அறக்கட்டளைக்கு வந்தார். மூவருடைய நிரலும் எழுத்தும் வெளியே, யாரும் குறை சொல்லக்கூடிய இடத்தில் இருந்தன.

விண்டோஸ் பக்கம் பார்த்தால், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஓஎஸ்ஆர் நிறுவனம் டிரைவர் எழுதுவதையும் கற்பிப்பதையும் சேர்த்தே செய்துவருகிறது. அது தொடங்கியது 1987-ல். விண்டோஸ் என்டி வெளிவந்ததோ 1993-ல். அதாவது, தாங்கள் பெயர் பெறப்போகும் இயங்குதளம் பிறக்கும் முன்பே தொழிலில் இறங்கியவர்கள், பழைய அமைப்புகளில் கற்றதைப் புதியதற்குக் கொண்டுபோனார்கள். "நான் கற்ற பழைய விண்டோஸ் வித்தை செத்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இதுதான் என் பதில். பழைய விண்டோஸின் விஎக்ஸ்டி வகை டிரைவர்களுக்கு இன்று வேலையில்லை, உண்மை. நிரலின் இரண்டு ஓட்டங்கள் ஒரே நேரத்தில் ஒரே நினைவிடத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்ற உள்ளுணர்வு சாகவில்லை. அதே சமயம், பழைய கதைகளை மட்டும் வைத்து வகுப்பை ஓட்ட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து கர்னலுக்குள் ரஸ்ட் என்ற நிரல்மொழி நுழைந்துவிட்டது. மாணவர்கள் முதல் நாளே அதைக் கேட்பார்கள். வகுப்புக்கு முன் அதில் ஒரு சிறிய டிரைவராவது நீங்களே எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது எடுத்துக்காட்டு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. "என் பாடக் குறிப்பை வெளியே விட்டால் யார் காசு கொடுத்து வகுப்புக்கு வருவார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். பிரான்சில் மைக்கேல் ஓப்டெனாக்கர் 2004-ல் ஃப்ரீ எலெக்ட்ரான்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 2018 முதல் பூட்லின் என்று வழங்கும் நிறுவனம், தன் பயிற்சிப் பாடங்களைத் திறந்த உரிமத்தில் பொதுவில் வைத்திருக்கிறது. ஒரு காசு கொடுக்காமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் நிறுவனங்கள் பணம் கட்டித் தங்கள் பொறியாளர்களை அந்த வகுப்புகளுக்கு அனுப்புகின்றன. குறிப்பில் இல்லாத ஒன்றுக்காகத்தான் ஆள் வேண்டியிருக்கிறது: மாணவர் கணினி ஏன் நின்றுபோனது என்று அந்த நிமிடம் அருகில் நின்று பார்த்துச் சொல்ல. அதை நீங்கள் 19 ஆண்டுகளாகச் செய்துவருகிறீர்கள்.

காட்ட ஒன்றும் இல்லை என்பதும் சரியல்ல. கர்னலில் யார் எதை மாற்றினார்கள் என்று பதியும் கிட் வரலாறு 2005 ஏப்ரலில் 2.6.12-ஆர்சி2 பதிப்பிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் 2006-ல் இந்த வேலைக்கு வந்தவர். நிறுவனம் அனுப்பிய மாற்றங்களில் எழுதியவராக உங்கள் பெயர் இருந்தால், அது உலகத்தின் முன் நிரந்தரமாக இருக்கிறது. பதிப்புரிமை நிறுவனத்துடையதாக இருக்கலாம். ஆனால் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் அந்த நிரலை எவரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், வகுப்பில் வரிவரியாக விளக்கலாம். நீங்களும்தான். "அவ்வளவுதான்" என்று ஒதுக்கிவிட்ட அதுதான் உங்கள் தன்விவரக் குறிப்பின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

பாடத்தையும் இதே வழியில் புதிதாகக் கட்டுங்கள். சேமிப்புச் சாதனங்களுக்கான என்விஎம்இ விவரக்குறிப்பு 2011 முதல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளான கியூஎம்யூ-வில் 'எடு' என்றொரு பொய்ச் சாதனம் இருக்கிறது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகக் கர்னல் வகுப்புகளுக்காகவே உருவாக்கியது. இன்டரப்ட், டிஎம்ஏ (சாதனம் நேரடியாக நினைவகத்தைப் படித்து எழுதுவது) எல்லாவற்றையும் அதில் பழகலாம், ஒரு வன்பொருளும் வாங்க வேண்டாம். பூட்லின் வகுப்பில் பீகிள்போன் என்ற சிறு கணினிப் பலகையோடு ஒரு வீடியோ விளையாட்டுக் கைப்பிடியை இணைத்து அதற்கு டிரைவர் எழுத வைக்கிறார்கள். உங்கள் நிறுவனத்தின் சிப் எதுவும் இல்லாமலேயே முழுப் பாடமும் நடத்த முடியும் என்பதற்கு இவை போதும்.

முறையான தகுதியைப் பொறுத்தவரை: அரசாங்க மானியம் பெறும் திறன் தகுதிப் பயிற்சிகளில் பாடம் எடுக்கப் பெரியவர்களுக்குக் கற்பிப்பதற்கான ஏசிஎல்பி சான்றிதழ் கேட்பார்கள். அது பட்டம் அல்ல. பட்டயம் படித்தவர் தாராளமாகச் செய்யலாம். நிறுவனங்கள் நேரடியாகப் பணம் கொடுத்து நடத்தும் உள்வகுப்புகளுக்கு அதுவும் தேவைப்படுவதில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராவது உங்கள் குறி என்றால் பட்டம் பெரிய தடைதான், அதை மறைக்க மாட்டேன்.

பன்னிரண்டு மாதத் தடை

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதாலேயே அது செல்லுபடியாகும் என்று நினைக்க வேண்டாம். தொழில் செய்வதைத் தடுக்கும் நிபந்தனை எதுவும் அடிப்படையில் செல்லாது. நிறுவனத்தின் நியாயமான நலன் ஒன்றைக் காப்பதற்காகவும், தேவையான அளவுக்கு மட்டும் இருந்தால்தான் நீதிமன்றம் அதை ஏற்கும். மேன் ஃபைனான்ஷியல் வழக்கில் 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. வெறும் போட்டியைத் தவிர்ப்பது அப்படிப்பட்ட நலன் ஆகாது. தொடக்கநிலைப் பொறியாளர்களுக்கு லினக்ஸ் டிரைவர் கற்பிப்பது உங்கள் முதலாளியோடு போட்டி போடுவதாகுமா என்பதே சந்தேகம். ஆனால் நேரடிப் போட்டியான சேமிப்புச் சாதன நிறுவனம் ஒன்றுக்கு விலகிய மறுமாதமே ஆலோசகராகப் போனால் நிலைமை வேறு. அங்கே இரகசியமும் சேர்ந்து வரும். முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. மருத்துவக் கருவி, தொழிற்சாலைக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கும் டிரைவர் வேண்டியிருக்கிறதே.

ஆலோசகராகும்போது

ஊழியராக இருந்தவரை நீங்கள் கவனிக்கத் தேவையில்லாத இரண்டு விஷயங்கள் இனி உங்கள் தலையில் வரும்.

முதலாவது உரிமை. சுயதொழில் செய்பவர் எழுதிய நிரலுக்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால், அவரே உரிமையாளர். ஊழியர் நிலைக்கு நேர் எதிர். வாடிக்கையாளர் தனக்கே முழு உரிமை வேண்டும் என்பார்; அது எழுத்திலும் கையெழுத்திலும் இருக்க வேண்டும். கொடுக்கலாம், ஆனால் பணம் முழுதாக வந்த பிறகே உரிமை மாறும் என்று ஒரு வரி சேருங்கள். நீங்கள் முன்பே எழுதிவைத்த பொதுக் கருவிகளும் பாடக் குறிப்புகளும் உங்களிடமே இருக்கும் என்று இன்னொரு வரி.

இரண்டாவது பொறுப்பு. 2024 ஜூலை 19-ஆம் தேதி உங்களுக்கு நினைவிருக்கும். கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. சாங்கி விமான நிலையத்தில்கூடச் சில விமான நிறுவனங்கள் கையால் பயணச் சீட்டுப் பதிவு செய்தன. கர்னலுக்குள் ஓடும் நிரல் எல்லை தாண்டி நினைவகத்தைப் படித்தால் முழு இயந்திரமும் விழும் என்பதை எனக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும். சட்டத்தில் அதன் பொருளை நான் சொல்கிறேன். பத்தாயிரம் வெள்ளிக்கு எழுதிக் கொடுத்த டிரைவர் பத்து லட்சம் வெள்ளி நட்டத்துக்குக் காரணமாகலாம். ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டுவரை வழக்குத் தொடுக்கலாம். ஆகவே உங்கள் பொறுப்பு வாங்கிய கட்டணத்தைத் தாண்டாது என்ற வரம்பு இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள். வரம்பு நியாயமானதாக இருந்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும். அதற்காக ஒருமுறை வழக்குரைஞருக்குப் பணம் செலவழிப்பது தகும். தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதியும் எடுங்கள்.

பாடம் மட்டும் எடுப்பதென்றால் நீங்கள் ஒருவரே உரிமையாளரான தனியுரிமைத் தொழிலாக, நிறுவனங்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் பதிவது போதும். 115 வெள்ளியில் முடிந்துவிடும். ஆனால் அதில் தொழில் கடன் உங்கள் சொந்தச் சேமிப்புவரை வரும். பிறருக்கு டிரைவர் எழுதித் தரப் போகிறீர்கள் என்றால் தனியார் நிறுவனமாகவே பதிவது பாதுகாப்பு. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து கர்னல் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் வேண்டும். அதற்கான உயர்நிலைச் சான்றிதழை நிறுவனங்களைச் சரிபார்த்தே கொடுக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தால் 20,000 வெள்ளிவரை, இருவரும் சம்மதித்தால் 30,000 வெள்ளிவரை, சிறு கோரிக்கை நடுவர்மன்றத்தில் வழக்குரைஞர் இல்லாமலேயே நீங்கள் கேட்கலாம்.

பணக் கணக்கு

நாளுக்கு 900 வெள்ளி நல்ல தொகைதான். ஆனால் இன்றைய ஆண்டுச் சம்பளமான 114,000 வெள்ளியை எட்ட 127 வகுப்பு நாள்கள் வேண்டும். வார இறுதிகள் மொத்தமே 104 நாள்தான். முதலாளி இன்று உங்கள் மத்திய சேம நிதியில் மாதந்தோறும் போடும் ஆயிரம் வெள்ளிக்கும் மேற்பட்ட தொகையும் நின்றுவிடும். மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்கை நிரப்புவது உங்கள் கடமையாகும். பாடம் எடுப்பதை இப்போதைக்கு முழு வாழ்வாதாரமாக எண்ணாமல், பக்கத்தில் வளரும் வருமானமாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

55 வயதில் சேம நிதியை எடுப்பது பற்றி: எல்லாவற்றையும் எடுக்க முடியாது. 2026-ல் 55 வயதை எட்டுவோருக்கு முழு ஓய்வுக்காலத் தொகை 220,400 வெள்ளி. அதை ஒதுக்கியபின் மிஞ்சுவதையே எடுக்கலாம். மிஞ்சாவிட்டாலும் 5,000 வெள்ளி எடுக்க அனுமதி உண்டு. என்னைக் கேட்டால் அதைத் தொடாதீர்கள். மடிக்கணினியும் ஒரு பீகிள்போன் பலகையும் வாங்க அது தேவையில்லை. மகள் படிப்பு முடிய இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.

பாய லேபார் நண்பருக்கு என்ன சொல்வது?

வகுப்பு எடுக்கிறேன் என்று சொல்லலாம், ஆனால் இப்போதே தேதி கொடுக்க வேண்டாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் வெளிவேலைக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று இருக்கும். உங்கள் ஒப்பந்தத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதியில்லாமல் ஒரு சனிக்கிழமை வகுப்பெடுத்து, அதையே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாக்கினால், மேலே சொன்ன இழப்பீடு முழுதும் கைநழுவிவிடும்.

மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். வார இறுதியில், சொந்த நேரத்தில், சொந்தக் கணினியில், பொதுவில் கிடைக்கும் ஆவணங்களையும் திறந்த நிரலையும் மட்டும் வைத்து அறிமுக வகுப்பு நடத்த அனுமதி கேட்கிறேன் என்று அதில் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் பாடத்தின் உரிமை உங்களுடையது என்பதையும் அதிலேயே கேட்டு வாங்குங்கள். உள்வகுப்பு எடுப்பது உங்கள் வேலையின் பகுதி என்பதால் பின்னால் இதில் தகராறு வரக்கூடும். எழுத்தில் பதில் வந்த பிறகு நண்பரிடம் தேதி சொல்லுங்கள். வராவிட்டால், ஆட்குறைப்போ வேறு முடிவோ தெரியும்வரை வகுப்பைத் தள்ளி வைத்து, அந்த மாதங்களில் ரஸ்ட்டைப் பழகி, 'எடு' சாதனத்தை வைத்து நீங்கள் தனியாகப் பயிற்சி செய்து பாருங்கள். பாடத்தை எழுதி வைக்கும் வேலை அதற்குப் பிறகு.